பழந்தமிழ் நூல்களுக்கான ஓசிஆர் கருவியை எல்லாக் கணினிகளிலும் ஓடவைக்க எந்த வழி?

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, எழுத்துகளாக மாற்றி, பிழை திருத்திப் பொதுவில் வைக்கும் சிறிய குழு எங்களுடையது. ஒன்பது பேர் இருக்கிறோம். பகலில் வேலை, இரவில் இந்தப் பணி. எழுத்துணர்தலுக்கு (ஓசிஆர்) டெசராக்ட் என்ற திறந்தமூல மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதைச் சுற்றி நான் பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தும், கறையை நீக்கும், டெசராக்டிடம் கொடுக்கும், வரும் உரையைப் பக்க எண்ணோடு சேமிக்கும்.

உபுண்டு 24.04 லினக்ஸ் உள்ள என் கணினியில் டெசராக்டின் ஐந்தாம் பதிப்பைக் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றி, நிரலோடு சேர்த்து ஜிப் கோப்பாக்கி எல்லோருக்கும் அனுப்பினேன். முதல் நண்பருக்கு ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று வந்து நின்றது. இரண்டாமவருக்கு ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரே வரி, அவ்வளவுதான். மூன்றாமவருக்கு ஓடியது. நிம்மதியாக இருந்தேன்.

உண்மையில் அந்த மூன்றாவதுதான் பெரிய சிக்கல். கூட அனுப்பிய டெசராக்ட் ஓடாவிட்டால் கணினியில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள் என்று என் நிரலில் எழுதிவைத்திருந்தேன். அவர் கணினியில் இருந்தது 4.1.1. அதற்கான தமிழ்த் தரவுக் கோப்பும் வேறு. மூன்று வாரம் கழித்து, மெய்ப்புப் பார்க்கும் அக்கா ஒருவர், “இந்தப் புத்தகத்துல மட்டும் ணை, லை எல்லாம் ஏன் இவ்வளவு தப்பா வருது?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். றா, னா, ணாவுக்கும் வேறு வடிவம். எங்கள் நூல்களில் பதிப்பு வேறுபாடு முதலில் தெரிவது அந்த எழுத்துகளில்தான். 140 பக்கங்களை மறுபடி ஓட்டினோம்.

அதனால் வழிகளை ஒப்பிட உட்கார்ந்தபோது, எது எளிதாக நிறுவப்படும் என்பதை முதல் கேள்வியாக வைக்கவில்லை. ஒரே பக்கத்தைக் கொடுத்தால் எல்லாக் கணினியிலும் ஒரே உரை வருமா, ஓடமுடியாத இடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு நிற்குமா என்பதுதான் என் அளவுகோல். மற்றவை அதற்கு அடுத்துதான்.

என்னுடையது போக எங்கள் கணினிகள் இவை: உபுண்டு 20.04 உள்ள 4 ஜிபி மடிக்கணினி ஒன்று, விண்டோஸ் மடிக்கணினிகள் நான்கு, ஆப்பிள் எம்1 மேக்புக் ஒன்று, ஸ்கேனருக்குப் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை 4, அப்புறம் ஒரு கல்லூரியில் இரவு நேரத்தில் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்திருக்கும், சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் உள்ள சர்வர். அந்த சர்வரில் எங்களுக்கு நிர்வாகி உரிமை கிடையாது, கேட்கவும் முடியாது.

எங்கே உடைகிறது?

கம்பைல் செய்த மென்பொருள் தனியாக ஓடுவதில்லை. லினக்ஸில் அது முதலில் சாய்வது ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்தின் மேல். அந்த நூலகத்தின் ஒவ்வொரு செயல்கூறுக்கும் ஒரு பதிப்பு முத்திரை உண்டு. பழைய ஜிலிப்சியில் கட்டியது, அதாவது கம்பைல் செய்தது, புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17, உபுண்டு 20.04இல் 2.31, 24.04இல் 2.39. ‘நான் புதிய வசதி எதையும் பயன்படுத்தவில்லையே’ என்று நினைத்தேன். ஆனால் 2021இல் வந்த 2.34 பதிப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் செயல்கூறுக்கே புதிய முத்திரை போட்டுவிட்டார்கள். அதனால் 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிப்சியில் கட்டிய எந்தச் சாதாரண நிரலும், ஒரு வரி வணக்கம் சொல்லும் நிரல்கூட, 2.31 உள்ள கணினியில் தொடங்கவே தொடங்காது.

அடுத்தது செயலி. வேகம் வேண்டும் என்று, கட்டும் கணினியின் செயலிக்கேற்ப எல்லாக் கட்டளைகளையும் பயன்படுத்து என்ற தேர்வைக் கம்பைலரிடம் கொடுத்திருந்தேன். பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இன்டெலில் 2013 ஹாஸ்வெல் செயலிகளோடு வந்தவை. ஆனால் பென்டியம், செலரான் பெயரில் அதற்குப் பின்னும் விற்ற பல செயலிகளில் அவை இல்லை. அந்தக் கட்டளை வந்த இடத்தில் நிரல் செத்துவிடும். இதில் வருத்தம் என்னவென்றால், டெசராக்டே ஓடும்போது செயலியைப் பார்த்துப் பொருத்தமான வழியைத் தேர்ந்தெடுக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. நான் கொடுத்த தேர்வுக்கு அவசியமே இல்லை.

மூன்றாவது, பாதை. டெசராக்ட் தன் மொழித் தரவுக் கோப்பை எங்கே தேடவேண்டும் என்பது கட்டும்போதே பைனரிக்குள், அதாவது கட்டிவரும் ஓடுகோப்புக்குள், பதிந்துவிடும். வேறு கோப்புறையில் வைத்தால் சூழல் மாறியின் வழியாகச் சொல்லித்தரவேண்டும். சொல்லாவிட்டால் கணினியில் வேறு எங்கோ இருக்கும் பழைய தரவை எடுத்துக்கொள்ளக்கூடும். எங்கள் 140 பக்கங்களில் பாதிப் பழி இதன் மேல்தான்.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

இயங்குதளத்தின் தொகுப்பையே நிறுவுவது

ஒரே கட்டளையில் முடிந்துவிடும், பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும். எல்லோரும் ஒரே இயங்குதளத்தின் ஒரே பதிப்பில் இருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஆனால் உபுண்டு 20.04, 22.04 இரண்டிலும் வருவது டெசராக்ட் 4.1.1, 24.04இல் வருவது 5.3.4. விண்டோஸுக்கு ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் நிறுவியைக் கட்டித்தருகிறது, நல்ல சேவை. ஆனால் அதன் பதிப்பு இன்னொன்றாக இருக்கும். ஒரே உரை வேண்டும் என்கிற எங்களுக்கு இது முதல் சுற்றிலேயே கழிந்தது.

பழைய சூழலில் கட்டிய தனி பைனரி

பைத்தான்காரர்கள் இந்தச் சிக்கலை நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள். 2016இல் மெனிலினக்ஸ் என்ற ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போதைக்குப் பழைய சென்ட்ஓஎஸ் 5இல் கட்டு, அதற்குப் பிந்தைய எல்லா லினக்ஸிலும் ஓடும் என்பதுதான் அதன் சாரம். பிறகு சென்ட்ஓஎஸ் 6, சென்ட்ஓஎஸ் 7 என்று அடிப்படையை நகர்த்தினார்கள். இப்போது ஜிலிப்சியின் எண்ணையே பெயரில் வைக்கிறார்கள்.

நானும் சென்ட்ஓஎஸ் 7 சூழலை கன்டெய்னர் என்ற தனித்த பெட்டிக்குள் வைத்து அதில் கட்டிப்பார்த்தேன். டெசராக்ட் 5க்கு சி++ மொழியின் 2017ஆம் ஆண்டு வடிவமான சி++17 தேவை. சென்ட்ஓஎஸ் 7உடன் வரும் கம்பைலர் ஜிசிசி 4.8.5, அதற்கு சி++17 தெரியாது. பழைய ஜிலிப்சியை வைத்துக்கொண்டே புதிய கம்பைலரைத் தரும் ரெட்ஹாட்டின் டெவ்டூல்செட் தொகுப்பு கைகொடுத்தது. கட்டிய பைனரி, ராஸ்பெரி பையைத் தவிர எங்கள் லினக்ஸ் கணினிகளில் எல்லாம் ஓடியது. ஜிலிப்சியே வேண்டாம் என்று, ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மஸ்ல் என்ற மாற்று சி நூலகத்தோடு, எல்லா நூலகங்களையும் உள்ளேயே வைத்து முழு ஸ்டாட்டிக்காகக் கட்டும் வழியும் உண்டு. அது இன்னும் சுத்தம், எதன் மேலும் சாயாது. ஆனால் பல இழைகள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும் நிரல்களில் மஸ்லின் நினைவக ஒதுக்கீடு மெதுவானது. ஆயிரக்கணக்கான பக்கங்களை ஓட்டுகிறவர்கள் அதை உணர்வார்கள்.

இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு கோப்பு, நிறுவல் கிடையாது, பத்து வருடப் பழைய லினக்ஸிலும் ஓடும். இருந்தும் விட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இது லினக்ஸுக்கு மட்டும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனித்தனியாகக் கட்டவேண்டும், அந்த இரண்டு கணினியும் என்னிடம் இல்லை. இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது. டெசராக்ட் படங்களைப் படிக்க லெப்டோனிகா நூலகத்தை நம்புகிறது. அது டிஃப், பிஎன்ஜி, ஜேபெக், வெப்பி நூலகங்களை நம்புகிறது. 2023 செப்டம்பரில் வெப்பி நூலகத்தில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்தது, பதிவு எண் சிவிஇ-2023-4863. இயங்குதளத்தின் நூலகத்தைப் பயன்படுத்தியவர்களுக்குத் திருத்தம் தானாக வந்துசேர்ந்தது. தங்கள் பைனரிக்குள் வைத்துக் கட்டியவர்கள் எல்லோரும் மறுபடி கட்டி மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. நாங்கள் திறப்பது எங்கெங்கிருந்தோ வரும் ஸ்கேன் படங்கள். இதை இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கும் நான் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆப்இமேஜ், ஃபிளாட்பாக், ஸ்னாப் என்ற தொகுப்பு முறைகள் மூன்றும் லினக்ஸ் மேசைக் கணினியில் சாளரம் திறக்கும் செயலிகளுக்குப் பொருத்தம். ஓவியமோ ஒலித் தொகுப்போ செய்யும் செயலியை வெளியிடுகிறவருக்கு ஃபிளாட்பாக்கைத் தயங்காமல் சொல்வேன். கட்டளை வரியில் ஓடும் எங்கள் கருவிக்கும், மடிக்கணினிகளில் பாதிக்குமேல் விண்டோஸாக இருக்கும் குழுவுக்கும் அவற்றால் பயனில்லை.

கன்டெய்னர்

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளைத்தான். நானும் அதைத்தான் முடிவாக எடுத்துக்கொள்வேன் என்று நினைத்தேன். கர்னல் என்ற இயங்குதளக் கருவைத் தவிர மற்ற எல்லாம் உள்ளே இருக்கும்: ஜிலிப்சி, நூலகங்கள், மொழித் தரவு, பாதை எல்லாம். ஒரே உரை வேண்டும் என்ற அளவுகோலில் இதற்கு நிறைய மதிப்பெண்.

ஆனால் டாக்கர் இமேஜ், அதாவது நாம் கட்டி அனுப்பும் கன்டெய்னர் மூட்டை, லினக்ஸ் பைனரிதான் என்பதை மறந்துவிடுகிறோம். விண்டோஸிலும் மேக்கிலும் அது ஓடுவது உள்ளே ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை எழுப்பித்தான். விண்டோஸ் கணினியில், அது தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போய் மெய்நிகராக்கத்தை இயக்கவேண்டியும் வரலாம். தமிழாசிரியராக ஓய்வுபெற்று இந்தப் பணிக்கு வந்திருக்கும் ஒரு ஐயாவிடம் தொலைபேசியில் பயாஸ் பற்றி விளக்க முயன்றேன். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தம்பி, நான் மெய்ப்பு மட்டும் பார்க்கிறேனே” என்றார். அவர் ஓட்டும் பக்கங்களை இழப்பதைவிட, இந்த வேலை தனக்கு எட்டாது என்று அவர் நினைத்துவிடுவதுதான் எனக்கு இழப்பாகப் பட்டது.

செயலி வேறுபாட்டையும் கன்டெய்னர் தீர்ப்பதில்லை. இன்டெலுக்குக் கட்டிய இமேஜை எம்1 மேக்கில் ஓட்டினால் வேறு செயலியைப் போல நடிக்கும் எமுலேஷன் வழியாகத்தான் ஓடும், வேகம் மிகவும் குறையும். எம்1இலும் ராஸ்பெரி பையிலும் இருக்கும் ஆர்ம் வகைச் செயலிக்குத் தனியாகக் கட்டவேண்டும். ராஸ்பெரி பை 4இன் செயலி 64 பிட், ஆனால் 64 பிட் இயங்குதளம் அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2022 பிப்ரவரியில்தான். எங்கள் பையில் 32 பிட் இருந்தது. 64 பிட் ஆர்முக்கென்றே கட்டிய இமேஜும் அதில் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்று நின்றது.

கல்லூரி சர்வரில் டாக்கரைக் கேட்கவே வேண்டாம். டாக்கரை இயக்கும் உரிமை கிடைத்தால் கிட்டத்தட்ட நிர்வாகி உரிமையே கிடைத்தமாதிரி. பலர் பகிரும் சர்வரில் அதைத் தர மறுப்பது நியாயம். இதே காரணத்துக்காகத்தான் 2015இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சிங்குலாரிட்டி என்ற மாற்றுக் கன்டெய்னரைத் தொடங்கினார்கள். 2021இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தபோது அதன் பெயர் ஆப்டெய்னர் ஆனது. முழு இமேஜும் ஒரே கோப்பு, சாதாரணப் பயனராகவே ஓட்டலாம், உள்ளே எழுதும் கோப்புகள் நம் பெயரிலேயே இருக்கும். டாக்கரில் வெளியீட்டுக் கோப்புகள் ரூட் என்ற நிர்வாகி பெயரில் விழுந்து அழிக்கமுடியாமல் திண்டாடியவர்களுக்கு இந்தக் கடைசி வசதியின் அருமை தெரியும். அறிவியல் கணக்கீடுகளுக்கான சர்வர்களில் ஆப்டெய்னரை நிர்வாகியே நிறுவிவைத்திருப்பது வழக்கம். எங்கள் கல்லூரி சர்வரிலும் இருந்தது.

நிக்ஸ்

நிக்ஸ் என்பது மென்பொருள் தொகுப்புகளை நிறுவி நிர்வகிக்கும் கருவி. கொள்கை அளவில் இதுதான் மிக நேர்மையான தீர்வு என்பது என் எண்ணம். ஏல்கோ டோல்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்து ஆய்வாளரின் முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு தொகுப்பும், அதைக் கட்டப் பயன்பட்ட எல்லாவற்றிலிருந்தும் கணக்கிட்ட ஹாஷ் குறியோடு தனிக் கோப்புறையில் உட்காரும். கம்பைலர் மாறினால் குறியும் மாறும். கட்டிவைத்த பைனரிகளைக் கையொப்பத்தோடு கேஷ் என்ற பொதுச் சேமிப்பிடத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோப்புறை கணினியின் உச்சிக் கோப்புறைக்கு நேர் கீழே நிக்ஸ் என்ற பெயரில்தான் இருக்கவேண்டும். ஏனென்றால் அந்தப் பாதை ஒவ்வொரு பைனரிக்குள்ளும் பதிந்திருக்கிறது. நிர்வாகி உரிமையில்லாத சர்வரில் அதை உருவாக்க முடியாது. விண்டோஸில் நேரடியாக ஓடாது. குழுவில் எல்லோரும் நிரலாளர்களாக இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்பேன்.

கோண்டா

கோண்டாவும் தொகுப்புகளை நிறுவி நிர்வகிக்கும் கருவிதான். பாதைச் சிக்கலை அது தீர்க்கும் விதம் அழகானது. லினக்ஸுக்கும் மேக்குக்கும் தொகுப்பைக் கட்டும்போதே, 255 எழுத்து நீளமுள்ள ஒரு போலிப் பாதையில் வைத்துக் கட்டுகிறார்கள். நம் கணினியில் நிறுவும்போது, பைனரிக்குள் அந்தப் போலிப் பாதை இருக்கும் இடத்திலெல்லாம் நம் உண்மையான பாதையை எழுதி, மிச்ச இடத்தைச் சுழியால் நிரப்பிவிடுகிறார்கள். நம் பாதை சிறியதாக இருக்கும்வரை பைனரியின் அளவு மாறாது, எதுவும் உடையாது. அதனால் எந்தக் கோப்புறையிலும், நிர்வாகி உரிமை இல்லாமலே வைக்கலாம்.

ஜிலிப்சியை கோண்டா தன்னோடு கொண்டுவருவதில்லை, கணினியில் இருப்பதைத்தான் நம்புகிறது. ஆனால் கணினியின் ஜிலிப்சி எந்தப் பதிப்பு என்று பார்த்துவைத்துக்கொண்டு, போதாது என்றால் நிறுவும்போதே மறுத்துவிடும். என் அளவுகோலின் இரண்டாம் பாதி இதுதானே, ஓடமுடியாவிட்டால் முன்னாலேயே சொல்லவேண்டும் என்பது. டெசராக்ட் கோண்டா-ஃபோர்ஜ் என்ற தன்னார்வலர் சேனலில் (தொகுப்புக் களஞ்சியத்தில்) லினக்ஸ், விண்டோஸ், இன்டெல் மேக், எம்1 மேக் நான்குக்கும் இருக்கிறது. வெப்பி போன்ற ஓட்டை வந்தால் நூலகத்தைத் திருத்திக் கட்டுவது அவர்கள் பொறுப்பு; நான் பதிப்பு எண்ணை மாற்றி அனுப்பினால் போதும். கோண்டாவை உருவாக்கிய அனகோண்டா நிறுவனத்தின் சொந்தச் சேனலுக்குப் பெரிய அமைப்புகள் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற விதி 2020இல் வந்தது. கோண்டா-ஃபோர்ஜுக்கு அது பொருந்தாது. அதனால் அந்தச் சேனலோடு பயன்படுத்தக்கூடிய நிறுவிகளான மினிஃபோர்ஜ் அல்லது மைக்ரோமாம்பாவிலிருந்து தொடங்குங்கள்.

குறைகளும் உண்டு. இறக்கும் அளவு நூற்றுக்கணக்கான எம்பி ஆகிவிடும். இணையம் மெதுவாக உள்ளவருக்கு, கட்டிய சூழலை முழுதாக மூட்டைகட்டும் கோண்டா-பாக் கருவியால் பென்டிரைவில் கொடுத்தோம்; ஆனால் லினக்ஸில் கட்டிய மூட்டை லினக்ஸில்தான் பிரியும். அப்புறம் தமிழர்களுக்கென்றே ஒன்று: ஒரு விண்டோஸ் கணினியில் பயனர் பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தார்கள். பாதையில் இடைவெளியோ ஆங்கிலமல்லாத எழுத்தோ வேண்டாம் என்று நிறுவல் வழிகாட்டியிலேயே இருக்கிறது. நான் எழுதிய நிறுவல் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் பயனர் கோப்புறைக்குள்ளேயே வைக்கப்பார்த்தது. சி டிரைவில் நேராக ஒரு கோப்புறை போட்டுச் சரிசெய்தேன். தமிழ் நூல்களுக்காக எழுதிய கருவி தமிழ்ப் பெயரைக் கண்டு தடுக்கியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எடுத்த முடிவு

மடிக்கணினிகளுக்கு கோண்டா-ஃபோர்ஜ். எல்லாத் தொகுப்பின் பதிப்பையும் பூட்டிவைக்கும் லாக் கோப்பை நான் ஒரு இடத்தில் உருவாக்கி அனுப்புகிறேன்; யாரும் தன் இஷ்டத்துக்குப் புதியதை இறக்கிக்கொள்வதில்லை. கல்லூரி சர்வருக்கு அதே பதிப்புகளை வைத்து ஒரு ஆப்டெய்னர் கோப்பு. சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. அதன் 2.17ஐ நம்பி இன்னும் எத்தனை நாள் தொகுப்புகள் வரும் என்று கவலைப்படாமல் இருக்க, அங்கே ஜிலிப்சியையும் உள்ளே வைத்துக் கொண்டுபோவதே நல்லது. ராஸ்பெரி பை இனி ஸ்கேன் மட்டும் செய்யும். அதிலும் ஓசிஆர் ஓடவேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் இரண்டு வார இறுதிகள் போயின. அந்த நேரத்தில் ஒரு புத்தகத்தையே முடித்திருக்கலாம்.

தமிழ்த் தரவுக் கோப்பை எந்தத் தொகுப்பையும் நம்பாமல் நாங்களே அனுப்புகிறோம். டெசராக்டுக்கு வேகமான தரவு, துல்லியமான தரவு என்று தனித்தனியாக உண்டு. பெயர் ஒன்று, உள்ளே வேறு. எங்கள் நிரல் தொடங்கும்போது அந்தக் கோப்பின் ஹாஷைச் சரிபார்க்கும், டெசராக்டின் பதிப்பைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால், கணினியில் வேறு என்ன இருந்தாலும் எடுத்துக்கொள்ளாமல், காரணத்தைத் தமிழில் சொல்லிவிட்டு நிற்கும்.

அதற்குப் பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. துல்லியமான தரவு தசம எண்களால் ஆனது. இன்டெலின் ஏவிஎக்ஸ்2 வழியிலும் எம்1இன் வழியிலும் அந்த எண்களைக் கூட்டும் வரிசை வேறு. கடைசி இலக்கங்களில் சின்ன வித்தியாசம் வரும், எப்போதாவது ஒரு எழுத்து மாறலாம். அதனால் முழுக்க ஒரே உரை என்பதை விட்டுவிட்டு ஓர் எல்லை வைத்தோம். 1978க்கு முந்தைய அச்சிலிருந்து கொம்பும் கிரந்தமும் நிறைய உள்ள 20 பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, மெய்ப்புப் பார்க்கும் அக்காவே அவற்றைக் கையால் திருத்தித் தந்தார். புதிய கணினியில் நிறுவியதும் முதலில் ஓடுவது அந்த 20 பக்கங்கள்தான். என் கணினியின் உரையிலிருந்து ஒரு பக்கத்துக்கு மூன்று எழுத்துக்குமேல் விலகினால் அந்தக் கணினிக்குப் புத்தகம் ஒதுக்குவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாக் கோப்பைப் புதுப்பிக்கும்போதும் அதே 20 பக்கங்களைத்தான் முதலில் ஓட்டுகிறோம். அக்கா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கோப்பு மற்றவர்களுக்குப் போகும்.